புதுச்சேரிக்குப் போகாத நகல்

விழுப்புரம் தனி மாவட்டம் ஆன 1993இல்தான் எனக்கு அரசாங்க வேலை கிடைத்தது. புது மாவட்டம், புது அலுவலகம். மேசை வந்தால் நாற்காலி வராது, நாற்காலி வந்தால் மின்விசிறி வராது. என்னைத் தபால் பிரிவில் உட்கார வைத்தார்கள். வருகிற கடிதத்துக்கு முத்திரை குத்த வேண்டும், போகிற கடிதத்துக்கு எண் போட வேண்டும். பதினெட்டு வருஷம் அதே வேலைதான். தேவசகாயம் என்று கேட்டால் அலுவலகத்தில் பாதிப் பேர் முழிப்பார்கள், தபால் சார் என்றால் கை காட்டுவார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை, எரிச்சலில் சொல்கிறேன். நான் எழுத வந்தது என்னைப் பற்றியும் இல்லை. என் தங்கை அமல்ராணியின் புருஷன் இருதயநாதனைப் பற்றி.

அவனும் நானும் திண்டிவனத்தில் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு. வாயைத் திறந்தால் மூடமாட்டான். பூசை நடக்கும்போதே பக்கத்தில் இருப்பவனிடம் கதை பேசி ஃபாதரிடம் குட்டு வாங்குவான். பத்தாவதில் கோட்டை விட்டுவிட்டு மரக்காணம் பக்கம் சித்தப்பா வீட்டுக்குப் போனவன், கழிவெளி ஏரியில் மோட்டார் படகு ஓட்டக் கற்றுக்கொண்டு திரும்பி வந்தான். தொண்ணூற்று ஐந்தில் என் தங்கையைக் கட்டினான். அன்றிலிருந்து நான் அவனுக்கு மச்சான், அவன் எனக்கு மாப்ள. மரியாதை என்று பார்த்தால் பள்ளிக்கூடத்தில் இருந்த அதே ‘வா, போ’தான்.

2002இல் திண்டிவனத்துக்கும் மயிலத்துக்கும் நடுவே இருக்கிற பெருமடை ஏரியில் ஒரு காண்டிராக்டர் படகு விட்டார். ஓட்டுவதற்குப் பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டும். நீச்சல் தெரியுமா, இஞ்சின் நின்றால் என்ன செய்வாய், எத்தனை பேரை ஏற்றலாம் என்றெல்லாம் சோதித்துவிட்டு எங்கள் அலுவலகத்தில்தான் கொடுப்பார்கள். இருதயநாதன் முதல் தடவையிலேயே தேறிவிட்டான். அந்த உறைக்கு எண் போட்டது நான். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் அதை லேமினேஷன் செய்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, டீக்கடையில் நிற்பவனிடம்கூட எடுத்துக் காட்டினான்.

"மாப்ள, அது இன்னா ஐ.ஏ.எஸ். சர்டிபிகேட்டா?" என்று கேட்டேன்.

"பத்தாவது ஃபெயிலானவனுக்கு இதான் மச்சான் ஐ.ஏ.எஸ்.!" என்றான்.

படகில் அவன் சும்மா ஓட்டமாட்டான். "லெப்ட்ல பாருங்க, கொக்கு. ரைட்ல பாருங்க, அந்தக் கொக்கோட சம்சாரம். ரெண்டு பேருக்கும் சண்டை, அதான் தனித்தனியா நிக்கிதுங்க." இப்படி ஏரி முழுக்கப் பேசிக்கொண்டே போவான். மயிலம் கோயிலுக்கு மொட்டை போட வந்தவர்கள் குடும்பம் குடும்பமாக வந்து அவன் படகுதான் வேண்டும் என்று காத்து நிற்பார்கள்.

இப்போது ஒரு சிவப்புத் துணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் மற்றது எதுவும் விளங்காது.

ஏரியில் இரண்டு படகுகள், ஒவ்வொன்றிலும் பதினாறு பேர். ஆனால் மிதவைச் சட்டைகள் மொத்தமே இருபதுதான். ஏரியில் அதை ஜாக்கெட் என்பார்கள். ஒரு படகு கரைக்கு வந்து, ஆட்கள் இறங்கிக் கழற்றிக் கொடுத்து, வரிசையில் நிற்பவர்களுக்கு மாட்டிவிட்டு அடுத்த படகு கிளம்பப் பத்து நிமிஷம் ஆகும். காண்டிராக்டருக்கு அந்தப் பத்து நிமிஷம் பொறுக்கவில்லை. கரைக்கு முப்பது அடி முன்னால் தண்ணீரில் ஒரு கழியை நட்டு சிவப்புத் துணி கட்டினார். படகு அந்தக் கழியைத் தொட்டதும் ஓட்டுபவர் "ஜாக்கெட்டைக் கழட்டி முன்னால அனுப்புங்க" என்று குரல் கொடுக்க வேண்டும். கரை சேர்வதற்குள் எல்லாம் முன்பக்கம் குவிந்திருக்கும், அப்படியே அள்ளி அடுத்தவர்களுக்கு மாட்டிவிடலாம். எங்கள் அலுவலகத்திலிருந்து சோதனைக்கு வருகிற அன்றைக்கு மட்டும் கழியில் துணி இருக்காது. நாலு வருஷம் இப்படியே ஓடியது. இது தப்பு என்று இருதயநாதனுக்குத் தோன்றவே இல்லையா என்றால், தோன்றவில்லை. பஸ் நிற்பதற்கு முன்னால் கண்டக்டர் "எறங்கறவங்கல்லாம் முன்னால வாங்க" என்பாரே, அது போலத்தான் அவனுக்கு.

2006 மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். படகு கழியைத் தொட்டது. குரல் கொடுத்தான். பதினாறு பேரும் எழுந்தும் எழாமலும் கழற்றி முன்னால் தள்ளினார்கள். கரையில் யாரோ போட்டோ எடுக்கக் கை காட்ட, ஒரு பக்கமாகச் சாய்ந்தார்கள். படகு புரண்டது. படகு தட்டாமல் நிற்க வேண்டும் என்று காண்டிராக்டர் அந்த இடத்தைத்தான் ஆழமாகத் தோண்டி வைத்திருந்தார், இரண்டு ஆள் ஆழம். இருதயநாதன் மட்டும் பதினோரு பேரை இழுத்து வந்து போட்டான். நாலு பேர் தாங்களாகவே கழியைப் பிடித்துக்கொண்டார்கள். பதினாறாவது ஆள் கெங்கம்மாள், வயது ஐம்பத்திரண்டு, மயிலம் பக்கத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற குடும்பம். படகின் கூரைக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தார். கரையில் கேமராவோடு நின்றது அவருடைய மகள் புனிதா.

மறுநாளே காண்டிராக்டரின் ஆள் ஒருவர் வாக்குமூலத்தை எழுதிக் கொண்டுவந்தார். ஓட்டுநர் பலமுறை எச்சரித்தும் கேளாமல் பயணிகள் தாங்களாகவே மிதவைச் சட்டைகளைக் கழற்றினர் என்று அதில் இருந்தது. இருதயநாதன் படித்துக்கூடப் பார்க்கவில்லை, கையெழுத்துப் போட்டான். விசாரணைக்கு வந்த புனிதா, "எங்கம்மா அப்படி தன்னால கழட்டற ஆளு இல்லீங்க" என்று சொல்லியிருக்கிறாள். அதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. கழியைப் பற்றியும் யாரும் கேட்கவில்லை, அதை அன்றைக்கே பிடுங்கிவிட்டார்கள். பயணிகளைக் கட்டுப்படுத்தத் தவறிய ஓட்டுநரின் சான்றிதழ் ரத்து, பதினைந்து நாளில் ஒப்படைக்க வேண்டும். ஜூலையில் அந்த உத்தரவு என் மேசைக்கு வந்தது. காண்டிராக்டர் ஒரு மாதம் படகை நிறுத்திவிட்டு வேறு ஆளை வைத்து ஓட்டினார்.

உத்தரவின் அடியில், அண்டை மாநிலங்களிலும் இந்தச் சான்றிதழ் செல்லாதபடி நடவடிக்கை எடுக்க நகல் அனுப்பப்படுகிறது என்று எழுதி மூன்று விலாசங்கள் இருந்தன. ஆந்திரா, கர்நாடகா, புதுச்சேரி.

உத்தரவு இருதயநாதன் கைக்குப் போன அன்றைக்குச் சாயங்காலம் அமல்ராணி என் வீட்டுக்கு வந்தாள். உட்காரக்கூட இல்லை.

"அண்ணே, இவருக்கு வேற இன்னா வேல தெரியும்? ஆஷ்லின் நாலாவதுதான் படிக்கிறா. பாண்டியில ஒரு படகுத்துறையில கூப்பிடறாங்க. அந்தப் பேப்பர் மட்டும் அங்க போவாம பாத்துக்க. உன் கையிலதான கீது."

"அரசாங்கப் பேப்பர்மா அது."

"நான் மட்டும் இன்னா, அது அரசாங்கப் பேப்பர் இல்லன்னா சொன்னேன்?"

மறுநாள் ஆந்திராவுக்கு ஒன்று, கர்நாடகாவுக்கு ஒன்று, இரண்டையும் பதிவுத் தபாலில் அனுப்பினேன். புதுச்சேரிக்குப் பதிவேட்டில் எண் போட்டேன். உறையை ஒட்டி, என் இழுப்பறையில் பழைய நாட்காட்டிக்குக் கீழே வைத்தேன். சான்றிதழைக் கொண்டுவந்து நீட்டிய இருதயநாதனிடம், "இத நீயே வச்சுக்க. தொலைஞ்சிட்டுதுன்னு ஒரு மனு எழுதிக் குடு" என்றேன். "சரி" என்றான். புதுச்சேரி நகலை நான் அனுப்பவில்லை என்பதை அவனிடம் சொல்லவில்லை. அமல்ராணியும் சொல்லவில்லை. தெரிந்தால் தாங்கமாட்டான் என்று நினைத்தோம். என் புத்தியை எதால் அடிப்பது!

கேளுங்கள் வேடிக்கையை. ஆந்திராவிலிருந்து மூன்றே மாதத்தில் பதில் வந்தது. மேற்படி இருதயநாதன் எங்கள் மாநிலத்தில் படகு ஓட்டாதவாறு கண்காணிக்கப்படும் என்று! ஆந்திர எல்லையில் இருக்கிற தடாவைத் தாண்டி அவன் ஒரு நாளும் போனதில்லை. விழுப்புரத்திலிருந்து ஒரு மணி நேரத்தில் பஸ் போய்விடுகிற புதுச்சேரியில் அவன் தினமும் ஓட்டிக்கொண்டிருந்தான். புதுச்சேரி எல்லையில் போலீஸ்காரர்கள் பையைத் திறந்து பாட்டில் இருக்கிறதா என்று முகர்ந்து பார்ப்பார்கள். அவன் சட்டைப் பையில் செல்லாத சான்றிதழ் இருந்தது. அதை யார் பார்ப்பது?

அந்த நாலு வருஷ இருதயநாதனைப் பற்றி எழுத அதிகம் இல்லை, எழுத எதுவும் நடக்கவில்லை. காலையில் ஐந்தரை பஸ், ராத்திரி எட்டு மணி பஸ். வேலையில் குறை சொல்ல முடியாது. அங்கே ஜாக்கெட் போதுமான அளவு இருந்தது. படகு கரை தட்டி, ஆட்கள் இறங்கிப் படி ஏறுகிறவரை கழற்ற விடமாட்டான். "யோவ், கரைக்கு வந்தாச்சுய்யா" என்று திட்டுவார்கள், பேசாமல் நிற்பான். கொக்கும் இல்லை, கொக்கின் சம்சாரமும் இல்லை. வீட்டில் சோறு வைத்தால் சாப்பிடுவான், உப்பு போட மறந்த குழம்பையும் சாப்பிடுவான். மகள் ஆஷ்லின் பரிசு வாங்கி வந்தாலும் "சரி", காய்ச்சலில் படுத்தாலும் "சரி". அமல்ராணிதான் ஒரு தடவை என்னிடம் வெடித்தாள்.

"அடிச்சாக்கூட தேவலண்ணே. செவுத்தோட குடும்பம் நடத்தறேன்."

நானும் பேசிப் பார்த்தேன். "மாப்ள, வாயில கொழுக்கட்டையா? எதுனா பேசேன்" என்பேன். சிரிக்கிற மாதிரி உதட்டை இழுப்பான். அவ்வளவுதான். எனக்குக் கோபம்கூட வந்தது. இவனுக்காக நான் வேலையையே பணயம் வைத்திருக்கிறேன், இவன் பாட்டுக்கு மரம் மாதிரி இருக்கிறானே என்று.

2011 ஜனவரி, புத்தாண்டு கழிந்த திங்கட்கிழமை. அலுவலகம் திறந்து நான் முத்திரைத் தேதியைத் திருப்பிக்கொண்டிருந்தேன். இருதயநாதன் வந்து மேசைக்கு முன்னால் நின்றான். அந்த நாலு வருஷத்தில் ஒரு தடவைகூட அவன் அங்கே வந்ததில்லை. சட்டைப் பையிலிருந்து சான்றிதழை எடுத்து மேசையில் வைத்தான். லேமினேஷன் ஓரமெல்லாம் பிரிந்திருந்தது.

"இத வாங்கிக்க மச்சான்."

"இன்னா ஆச்சு? பிடிச்சிட்டாங்களா?"

"இல்ல. நியூ இயருக்கு செம கூட்டம். ஓனரு, ஜல்தியா அனுப்பணும், வரும்போதே ஜாக்கெட்டைக் கழட்டச் சொல்லுன்னாரு. முடியாதுன்னு சொல்லணும்னுதான் வாயத் தொறந்தேன். சரின்னுட்டேன். கரைக்குக் கொஞ்சம் முன்னால, ஜாக்கெட்டைக் கழட்டி முன்னால அனுப்புங்கன்னு சொன்னேன். அதே மாதிரி, அதே கொரல்ல."

முத்திரையைக் கீழே வைத்தேன். "யாருக்காச்சும்...?"

"ஒண்ணும் ஆவல. எல்லாரும் சிரிச்சிக்கினு எறங்கிப் போயிட்டாங்க. எனக்கும் ஒண்ணும் ஆவல மச்சான். ஒடம்பு வேர்க்கல, நெஞ்சு அடிச்சுக்கல. மறுபடியும் ஆறு டிரிப் அப்பிடியே சொன்னேன்."

அவனே கேட்டான்.

"பாண்டிக்குப் போன பேப்பருக்கு அவங்க பதிலே போடலியா?"

பொய் சொல்லியிருக்கலாம். பதிவேட்டில் எண் இருக்கிறது, காட்டினால் போதும். ஆனால் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு முடியவில்லை. இழுப்பறையைத் திறந்து, நாட்காட்டியைத் தூக்கி, அந்த உறையை எடுத்து அவன் முன்னால் வைத்தேன்.

விலாசத்தின் மேல் விரலை வைத்துப் படித்தான்.

"போவவே இல்லியா?"

"அமல்ராணி கேட்டுக்கிச்சு. நானும்..."

"போயிடுச்சுன்னு நெனச்சேன் மச்சான். மொத ஒரு வருசம் படகுத்துறையில யாரு பேன்ட்டு சட்டை போட்டுக்கினு வந்தாலும் ஆபீசருதான், பிடிக்க வந்துட்டாங்கன்னு நெனப்பேன். ஒருத்தரும் வரல. சரி, படிச்சிட்டு ஓரமா வச்சிட்டாங்க. அந்தம்மா செத்தது அவ்ளோதான் போலன்னு ஆயிட்டுது. அவங்களுக்கே அவ்ளோதான்னா எனக்கின்னா?"

இந்த நாலு வருஷமும் நான் அவனைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன். அவனோ யாராவது வந்து கேட்கமாட்டார்களா என்று காத்திருந்து காத்திருந்து மரத்துப் போயிருக்கிறான். இத்தனை வருஷ சர்வீஸில் நான் அனுப்பத் தவறிய ஒரே கடிதம் அது.

இதற்கெல்லாம் பிறகு என்ன ஆனது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் இழுக்க வேண்டாம். உறையை எடுத்துக்கொண்டு நேராகக் கண்காணிப்பாளர் அறைக்குப் போனேன். நடந்ததை அப்படியே எழுதிக் கொடுத்தேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது, பதவி உயர்வு போனது, தபால் பிரிவிலிருந்து ஆவண அறைக்கு மாற்றினார்கள். அமல்ராணி இரண்டு வருஷம் என் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. இருதயநாதன் இப்போது திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை எண்ணெய் மில்லில் மூட்டை எடை போடுகிறான். படகுப் பக்கமே போவதில்லை. புதுச்சேரியில் அவன் அப்புறம் கொடுத்த வாக்குமூலத்தால் காண்டிராக்டருக்கு ஏதாவது ஆனதா என்றால், பெருமடை ஏரியில் படகு நின்றது, அவ்வளவுதான்.

நான் எழுதிக் கொடுத்த மறுநாள் அந்த நகலை நேரில் சேர்ப்பிக்கச் சொல்லி என்னையே அனுப்பினார்கள். இருதயநாதனும் கூட வந்தான். புதுச்சேரியில் இருந்த அதிகாரி ஓய்வு பெறும் வயதில் ஒரு அம்மா. உத்தரவின் தேதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இது 2006 ஆர்டர். விழுப்புரத்துலேர்ந்து நடந்தா வந்தீங்க?"

அவர் உத்தரவை முழுதும் படித்தார். படித்துவிட்டுச் சான்றிதழை வாங்கி வைத்துக்கொண்டு எங்களை அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு இருதயநாதனிடம் கேட்டார்.

"பல தடவை எச்சரித்தும் கேக்கலன்னு போட்டிருக்கே. என்னன்னு சொல்லி எச்சரிச்சீங்க?"

படகு புரண்டு ஐந்து வருஷத்தில், அதைப் பற்றி அவனிடம் ஒருவர் கேட்ட முதல் கேள்வி அது. சுவரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். வெளியே போய் நிற்கட்டுமா என்று நான் எழுந்தேன்.

"இரு மச்சான்" என்றான். அப்புறம் அந்த அம்மாவிடம் சொன்னான். "நான் எச்சரிக்கை பண்ணலீங்க. நான்தான் கழட்டச் சொன்னேன்."

அவர் வெள்ளைத்தாளை எடுத்தார். கழி, சிவப்புத் துணி, இருபது ஜாக்கெட் என்று அவன் சொல்லச் சொல்ல எழுதினார். தேநீர் வந்து ஆறிப் போனது. ஒரு மணி நேரம் பேசினான், பள்ளிக்கூடத்தில் பேசுகிற இருதயநாதன் போல இல்லை, கணக்கு வாய்ப்பாடு ஒப்பிக்கிறவன் போல. கடைசியில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், "இன்னொண்ணு எழுதிக்கோங்க" என்றான்.

எழுதிக்கொண்டார். அதன் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு மறுவாரம் நாங்கள் இருவரும் மயிலத்தில் பஸ் மாறி கெங்கம்மாளின் ஊருக்குப் போனோம். புனிதா வாசலில் மல்லாட்டை காய வைத்துக்கொண்டிருந்தாள். யாரென்று சொன்னதும் முகம் இறுகிவிட்டது. உள்ளே வாங்க என்றும் சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை. தாளை வாங்கி நின்றபடியே படித்தாள்.

"எங்கம்மா பேச்சு கேக்காம செத்தாங்கன்னு என் வீட்டுக்காரரு வீட்டுலேயே சொல்லிக் காட்டுவாங்க" என்றாள். "தன்னால கழட்டற ஆளு இல்லன்னு அன்னிக்கே சொன்னேன்."

"ஆமாம்மா. நான் சொல்லித்தான் கழட்டனாங்க."

அவள் கடைசி வரிக்கு வந்திருந்தாள். அங்கே விரலை வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

"நாடாவெல்லாம் கட்டியா குடுத்தாங்க?"

"ஆமாம்மா. நான் கொரல் குடுத்ததும் மொதல்ல கழட்டனது அவங்கதான். மத்தவங்கல்லாம் சுருட்டித் தூக்கிப் போட்டாங்க. அவங்க மட்டும், அடுத்து போடறவங்களுக்கு சிக்கக் கூடாதுன்னு, ஜாக்கெட்டை மடிச்சு நாடாவ முடிச்சு போட்டுக் குடுத்தாங்க. ரெண்டு முடிச்சு."

"ரெண்டு முடிச்சுதான் போடுவாங்க" என்றாள் புனிதா. "என் ரிப்பனுக்கும் அப்பிடித்தான்."

சொல்லிவிட்டு அவள் காயப்போட்ட மல்லாட்டைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். இருதயநாதனும் கொஞ்சம் தள்ளித் தரையில் உட்கார்ந்தான். அவன் தோள் குலுங்கியது. அழுகிறான் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. நான் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லவில்லை.